கடித்தாலும் கையை இழுக்காதவர்

தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற ஒரு மனிதரோடு நான் ஏழெட்டு வருஷம் பழகியிருக்கிறேன். இலையில் பாதிச் சோறு இருக்கும். பேச்சும் பாதியில் இருக்கும். கையால் ஒரு சைகை காட்டிவிட்டு மெல்ல எழுந்து, வாசலைத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் போய், அங்கே நின்று தும்முவார். அதே நடையில் திரும்பி வந்து, விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். அவ்வளவு நேரம் ஒரு தும்மல் எப்படிக் காத்திருக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். "அதுவும் பழகிக்கிருச்சு தம்பி" என்பார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு மருந்து கலக்குகிற வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் அளந்து, சல்லடையில் சலித்து, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உரசக்கூடாது, தட்டக்கூடாது, கீழே போடக்கூடாது, அவசரப்படக்கூடாது. இதில் எந்தக் கூடாதை மறந்தாலும், மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆள் இருக்காது. இருபத்திரண்டு வருஷம் அந்த அறைக்குள் போய் வந்தவர் உடம்பில் ஒரு தீத்தழும்பு கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் இல்லை. ஊரே அவரை மருந்தண்ணன் என்றுதான் கூப்பிட்டது. பெயரைச் சொல்லி எழுதினால் கூச்சப்படுவார், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்த அறையின் சட்டத்தை அவர் வெளியிலும் கழற்றி வைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. சண்டை போட்டால்கூட அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாய்க்கால் தகராறில் கண்டபடி ஏசிவிட்டுப் போய்விட்டார். இவர் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் சாயங்காலம் அந்த ஆள் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்று, "நேத்து ஒண்ணு கேட்டீகள்ல, அதுக்குப் பதில் சொல்லலாம்னு வந்தேன்" என்றாராம். அதற்குள் அந்த ஆளுக்குத் தான் என்ன கேட்டோம் என்பதே மறந்துபோய், உட்காரச் சொல்லி இலை போட்டிருக்கிறார்.

அவருடைய கல்யாணக் கதையை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, சொல்லித்தான் கேட்க வேண்டும். கெட்டிமேளம் முழங்க ஆரம்பித்ததாம். இவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். தவில்காரருக்குக் கை ஓய்ந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு இவரைப் பார்க்கிறார். அட்சதை போட்டவர்கள் கையில் அரிசி தீர்ந்து, சமையல்கட்டிலிருந்து இன்னொரு தட்டு வந்ததாம். மீதி முடிச்சை அவருடைய அக்கா கையைத் தட்டிவிட்டுப் போட்டதால்தான் முகூர்த்தத்துக்குள் கல்யாணம் முடிந்தது. "அக்கா போட்ட முடிச்சு ரெண்டும் அந்த வருசமே தளந்துருச்சு டிரைவரு. இவுக போட்ட ஒண்ணுதான் நிக்கி" என்று மதினி சொல்லும்போது பெருமையா, புகாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

டிரைவர் என்றது என்னைத்தான். அந்தக் கம்பெனி முதலாளியின் சிவகாசி வீட்டில் நான் கார் ஓட்டினேன். குவாலிஸ் வண்டி புதிதாக வந்திருந்த காலம். முதலாளி சத்தமாகப் பேசுகிறவர். போனை எடுத்தால், போன் இல்லாமலே அந்தப் பக்கம் கேட்கும். அவர் வீட்டு அம்மா சத்தம் போட மாட்டார், முடிவு எடுப்பார். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருந்தார். வேலைக்காரர்கள் எங்களுக்கு அவர் எப்போதும் பாப்பாதான். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார்.

பாப்பாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கும் பிரசவத்துக்குமாக அழைத்துவர நான் சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டிகளோடு ஒரு பிரம்புக்கூடையும் இறங்கியது. "அண்ணே, அதை மட்டும் பாத்து வைங்க, மிட்டு தூங்குறான்" என்றார் பாப்பா. நான் பார்த்துத்தான் வைத்தேன். மிட்டுவும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. கூடை இடுக்கில் போன என் விரலைத் தூக்கத்திலேயே கடித்தது.

அது ஃபெரெட் என்கிற வெளிநாட்டுப் பிராணி. எங்கள் ஊர்க் கீரியை ஒரு வாரம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்ததுபோல இருக்கும். கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. வயது ஆறு மாதம்தான். எல்லா ஊசியும் போட்டிருக்கிறது என்று பாப்பா சத்தியம் செய்தாலும் அம்மா கேட்கவில்லை, என்னை ஊசி போட அனுப்பிவிட்டார். நர்ஸ் சீட்டில் எழுதுவதற்காக, கடித்தது நாயா பூனையா என்று கேட்டார். ரெண்டும் இல்லை என்றேன். குரங்கா என்றார். இல்லை என்றேன். பேனாவை மூடிவிட்டு, முதலில் போய் அது என்னவென்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

பத்து நாளில் அந்த வீட்டில் கடிபடாதவர் அம்மா ஒருவர்தான். மிட்டுவுக்கென்று வாங்கிய கம்பிக் கூட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஊஞ்சல் மேல் ஏறி நின்றுகொள்வார். சமையல்கார அக்காவுக்குக் கால் கட்டைவிரல். கணக்கப்பிள்ளை குனிந்து என்ன இனம் என்று ஆராய்ந்தார், காது மடலைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். முதலாளி அலறிய அலறலில் தெருமுனை பிரிண்டிங் பிரஸ்ஸில் மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. வாட்ச்மேன் செருப்பால் ஒன்று போடச் சொன்னார். போட்டதற்கு அது செருப்பைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. சமையல்கார அக்கா விரலில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். கடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. யாரோ மிளகாய்த்தூள் என்றார்கள். முதலாளி பத்து விரலிலும் மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவிக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். அதற்குள் ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, யோசனையாகக் கண்ணைக் கசக்கினார். அன்றைக்கு மிட்டு அவரைக் கடிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. கடைசியாகக் கால்நடை டாக்டர் ஒருவர் வந்து எட்ட நின்று பார்த்தார். மாட்டிலிருந்து சேவல் வரைக்கும் தான் பார்ப்பதாகவும், இது அந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கேயும் வரவில்லை என்றும் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்.

அம்மா முடிவு எடுத்துவிட்டார். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற அன்றைக்கு ஒன்று கடி போயிருக்க வேண்டும், இல்லை அது போயிருக்க வேண்டும். சென்னையில் இதை விற்ற ஆளே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். வேறு யாருக்காவது விற்றுவிடுவானாம்.

பாப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையும் இல்லாமல், பெங்களூரில் ஒரு ஃபிளாட்டில் தனியாகக் கிடந்த மாதங்களில் அவர் கழுத்தடியில் சுருண்டு படுத்திருந்தது இது ஒன்றுதான். இதை அவர் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. காரில் வரும்போது என்னிடம்தான் சொன்னார், அதுவும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு.

முதலாளிக்கு மகள் அழுதால் தாங்காது. திடீரென்று என்னைக் கூப்பிட்டார். "மருந்தே அவர் கையில சும்மா கெடக்கு. இது என்ன பிரமாதம்? போயி மருந்தண்ணனைக் கூட்டிட்டு வா" என்றார்.

மருந்து கலக்குவது விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் கலக்கக்கூடாது. ஆகவே பதினொரு மணிக்கெல்லாம் குளித்து, விபூதி பூசி, என்னோடு வந்துவிட்டார். வந்தவர் கூட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். அம்மா ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் தூங்கிவிட்டாரா என்று என்னிடம் கேட்டார்.

பிறகு மருந்தண்ணன் சொன்னார்: "இதுக்குக் கோவம் இல்லம்மா. இது சின்னப் புள்ள, வெளையாடுது. இதுக இனத்துல ஒண்ணை ஒண்ணு கடிச்சுத்தான் வெளையாடும் போல. தோலு தடிமன், வலிக்காது. நமக்கும் அம்புட்டுத் தடிமன்னு நெனைக்குது. நம்ம வெடுக்குன்னு கையை இழுக்கோமா, ஆகா, ஓடுதுடான்னு இன்னும் அழுத்திப் பிடிக்குது."

அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்த நேரம். கையில் புண்ணோடு மருந்தறைக்குள் போகக்கூடாது. பொடி பட்டால் எரிந்து கை உதறும், அங்கே உதறுகிற கைக்கு இடமில்லை. கொஞ்ச நேரம் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தார். இடது சுண்டுவிரலை மடக்கி, "இதுக்கு அங்கன வேலை இல்ல. உறை போட்டுக்கிட்டா இது பாட்டுக்குக் கெடக்கும். இதை இவனுக்குக் குடுத்துருதேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. பின்கட்டில் பழைய காலண்டர் போட்டிருந்த அறையைக் காலி பண்ணச் சொன்னார். மருந்தறையில் தப்பி ஓட வைத்திருப்பதுபோல அதற்கும் எதிரும் புதிருமாக ரெண்டு கதவு உண்டு, அதனால்தான் அந்த அறை. வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வைத்தார். கதவில் சாக்பீஸால் எழுதினார்: நாலு பேருக்கு மேல் கூடாது, செருப்பு கூடாது, செல்போன் கூடாது. கம்பெனியில் மருந்தறை வாசலில் தரையில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும் என்று கணக்கு. இங்கே அதற்குப் பதிலாக அம்மாவின் செம்புத் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டார்.

இது வெடிக்காது அண்ணே, இதற்கு எதற்கு மணல் வாளி என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். தாம்பாளம்?

"கரண்டு எறங்குதோ இல்லையோ, குனிஞ்சு தொடுற நேரத்துக்கு அவசரம் எறங்கும்ல?"

அந்தச் சுண்டுவிரலை நான் மறக்க மாட்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மறுநாளைக்கு என்ன கலவை, எத்தனை என்று கேட்க கம்பெனி மேனேஜர் வந்திருந்தார். அறைக்குள் இவர் கையை நீட்டியபடி நிற்கிறார். சுண்டுவிரலில் மிட்டு தொங்குகிறது. முழு உடம்பும் அந்தரத்தில், பல் மட்டும் விரலில். இவர் மேனேஜரைப் பார்த்து, போன வாரம் வந்த வெடியுப்பு கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, அதை வெயிலில் போட்டுவிட்டுப் பழைய மூட்டையைப் பிரிக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். குரலில் ஒரு மாற்றம் இல்லை. மேனேஜருக்குத்தான் நாக்குக் குழறியது. கேட்க வந்ததைக் கேட்காமல், விரல் நுனியிலிருந்து சொட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றார். இழுக்காத விரலில் மிட்டுவுக்கு ருசி இல்லாமல் போய்விட்டது. அதுவாக விட்டது.

விட்டதும் அதை எடுத்து மூலையில் இருந்த மரப்பெட்டிக்குள் வைத்தார். அதட்டவில்லை. பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூறு வரைக்கும் எண்ணினார். அவர் நூறு எண்ணுவதற்குள் நாம் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். பிறகு பெட்டியைத் திறந்து, புறங்கையில் முட்டை மஞ்சள்கருவைத் தடவி நீட்டினார். நக்கியது. கடித்தால் மறுபடி பெட்டி, மறுபடி நூறு. இரண்டு அதட்டு அதட்டினால் என்ன என்று கேட்டேன்.

"அதட்டுனா அதுக்கு அது ஒரு வெளையாட்டு தம்பி. நம்ம அங்கன இல்லாமப் போயிறணும். அதுதான் அதுக்கு வலிக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். "ஒங்க மதினிக்கும் எனக்கும் அப்டித்தான்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். யார் யாருக்கு முதுகைக் காட்டி நூறு எண்ணுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைக்குட்டம் அணையிலிருந்து பொடிமீன் வாங்கிவந்து, தானே முள் நீக்கி ஊட்டுவார். தூங்குகிறதை எழுப்புவதென்றால் ஒரு தனி முறை. முதலில் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பிறகு ஒரு செருமல். பிறகு பெயர். பிறகுதான் கை. "கை போற எடத்துக்கு மனசு முன்னாடியே போயி உக்காந்திருக்கணும். கை பின்னால வந்தாப் போதும்" என்பார். ஒரு மாதத்தில் மிட்டு அவர் சட்டைப்பைக்குள் படுத்துத் தூங்கியது. சுண்டுவிரலும் ஆறிவிட்டது. அம்மாவிடம் போய், பழகிவிட்டது, பார்க்கலாம் என்று சொன்னார்.

அம்மா ஊஞ்சலில் ஏறி நின்றுகொண்டு, சமையல்கார அக்காவைக் கையை நீட்டச் சொன்னார். கடித்தது. கணக்கப்பிள்ளையை நீட்டச் சொன்னார். அவர் காதைப் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டினார். கடித்தது. என்னையும் கடித்தது, ஸ்டேஷனில் கடித்த அதே விரலில்.

"ஒங்களைக் கடிக்காம இருந்து என்னங்க பிரயோசனம்? பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டில்ல போடப்போறது நீங்களா?" என்றார் அம்மா.

அவர் பதில் சொல்லவில்லை. பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லோரும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். நான் கூடையைக்கூடத் தூசி தட்டி வைத்துவிட்டேன். மறுநாள் அதே பதினொரு மணிக்கு வந்து அம்மா முன்னால் நின்றார். "நேத்து கேட்டீகளே. இவன் பழகிட்டாம்மா. வீடு பழகல" என்றார்.

அவருடைய தைரியம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெடிமருந்துக்கு முன்னால் நிற்பது ஒரு தைரியம். முதலாளி வீட்டு அம்மாவிடம் உங்கள் வீடு சரியில்லை என்று சொல்வது வேறு. அம்மா கோபப்படவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த ஒரு மாதம் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை. சமையல்கட்டில் பாத்திரம் விழவில்லை. குழம்புச் சட்டியை மூடுகிற சத்தம்கூட இல்லை, வாசனை வந்தால்தான் சமையல் நடக்கிறது என்று தெரியும். கணக்கப்பிள்ளை பேரேட்டைத் தூங்குகிற குழந்தைக்குப் போர்வை மூடுவதுபோல மூடினார். தாம்பாளம் வீட்டு வாசற்படிக்கே வந்துவிட்டது. எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பழகி, கடைசியில் பூஜை அறைக்குள் போகும்போதும் குனிந்து தரையைத் தொட்டோம். எனக்கும் பாடம் நடந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர், "பிரேக்கை மிதிக்காத தம்பி. கேளு. கேட்டாக் குடுக்கும்" என்றார். உண்மையில் குடுத்தது.

முதலாளிதான் பெரும்பாடு. போனில் மெல்லப் பேச வேண்டும் என்று அவருக்குக் கட்டளை. பேசினார். இரண்டாம் நாளே வடக்கேயிருந்து ஏஜெண்டுகள் வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, முதலாளிக்கு நெஞ்சுவலியா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் ஆப்பிள் கூடையோடு நேரிலேயே வந்துவிட்டார். அவரை வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, தாம்பாளத்தைத் தொடச் சொன்னதும், நிலைமை கைமீறிவிட்டது என்று நினைத்து அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளியின் பரீட்சை அன்றைக்கு நாங்கள் நாலு பேர் அறைக்குள் இருந்தோம். விரலை நீட்டினார். மிட்டு வந்து முகர்ந்தது, நக்கியது, பிறகு பல்லை வைத்தது. முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. மருந்தண்ணன் அவர் தோளில் ஒரு கையை வைத்தார், அவ்வளவுதான். திறந்த வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று பார்க்கிறார். அப்பா தனக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். மிட்டு பல்லை எடுத்தது. எடுத்த இடத்தை நக்கியது. நான் கைதட்டப் போனேன், மருந்தண்ணன் பார்த்த பார்வையில் கையைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தேறினோம். அம்மா மட்டும் கையை நீட்டவே இல்லை. பிள்ளை வருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

விருதுநகரில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை பிறந்தது. பிரேக்கைக் கேட்டுக் கேட்டு ஓட்டி, தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆரத்தி எடுத்து முடிந்ததும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரம்புக்கூடையை வண்டியில் வைத்துக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னார். ஒரு பல் பட்டாலும் இதே வண்டியில் அது மதுரைக்குப் போக வேண்டும், அங்கிருந்து சென்னைக்கு. அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக் கதவோரம் நின்றேன்.

பாப்பா பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தார். மருந்தண்ணன் தாம்பாளத்தைத் தொட்டுவிட்டு, மிட்டுவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து எதிரே மண்டியிட்டார். ஒரு சாண் தள்ளி நிறுத்தி, பிள்ளையின் வாசனையை மட்டும் காட்டுவது, எடுத்துக்கொண்டு போய்விடுவது என்றுதான் ஏற்பாடு. மிட்டு கழுத்தை நீட்டி முகர்ந்தது. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

நாங்கள் அத்தனை பேரும் பழகியிருந்தோம். பிறந்து ஐந்து நாளான அந்தப் பிள்ளை மட்டும் பழகவில்லை. சும்மா கையை வீசியது. வீசிய கையில் மிட்டுவின் காது அகப்பட்டது. அகப்பட்டதும், பச்சைப்பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் பிடிப்பார்களே, அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்தில் ஒருவர் "ஐயோ" என்று கத்தியிருந்தால் போதும். நான் அம்மாவைத்தான் பார்த்தேன். ஊஞ்சல் பக்கத்தில் நின்றிருந்தார், ஏறவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அசையாமல் நின்றார். மருந்தண்ணன் கைகளும் அசையவில்லை. மிட்டுவின் மூக்கு பிள்ளையின் மணிக்கட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. காது இழுபட்டு முகமே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வாயைத் திறந்தது. பல் தெரிந்தது. திறந்தபடியே ஒரு பெரிய கொட்டாவி விட்டது. பிறகு தலையை அந்தப் பிள்ளைக் கையிலேயே சாய்த்துக்கொண்டு, விடுகிறபோது விடட்டும் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளைக்குத் தூக்கம் வந்து விரல் தளர்ந்தது. மருந்தண்ணன் மிட்டுவை விலக்கி எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். பாப்பா அழுதுகொண்டிருந்தார். அம்மா திரும்பிச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நான் கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து பார்த்தால், கார் ஷெட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் மருந்தண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அங்கன தப்பு நடந்தாப் போறது நான் தம்பி" என்றார். "இருவத்திரண்டு வருசமா அந்தத் தெம்புலதான் கை நிக்குது. இங்கன தப்பு நடந்தா அது அடுத்தவுக பிள்ளை."

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

அப்போது சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. சமையல்கார அக்காவிடம் சொல்கிறார்: "பாப்பாவுக்கு அவிச்ச முட்டை இருக்குல்ல, அதுல ரெண்டைப் பிட்டு அதுக்கு வச்சிட்டு வா. பாவம், காதைப் போட்டு அந்த இழு இழுத்துட்டாளே."

நான் அவரைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது.

"ரெண்டு ஆகாதே தம்பி, வயித்தால போயிருமே. இரு, ஒண்ணு போதும்னு சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்தார். வேட்டியைச் சரியாகக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தார். படியில் குனிந்து தாம்பாளத்தைத் தொட்டார். கதவைச் சத்தம் வராமல் திறந்து, உள்ளே போய், அதே மாதிரி சாத்தினார்.

அவர் போய்ச் சேருவதற்குள் அது ரெண்டையும் தின்று முடித்து, கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்ததாம்.